குளிரில் விழுந்த ‘க’

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். வேறு வேலை கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வெட்கப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் வந்தேன். குறிப்பெடுப்பது எப்படி, மைக் பிடிப்பது எப்படி, டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் எந்தக் கதிரையில் இருப்பது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். சபை நிறைந்த சனம் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு அந்தப் பாடத்தைப் படிப்பித்தது களிமண். சொல்கிறேன், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்குப் படிக்கப் போனேன். அங்கிருந்து டென்மார்க். குளிரில் விறைத்துக்கொண்டே இரண்டு மொழியும் பிடிபட்டுவிட்டது. பிறகு கலியாணம் லண்டனில் பொருந்தி வர, மனோர் பார்க்கில் மாமனார் வீட்டு மேல்மாடியில் குடியேறினேன். ஹோல்போர்ன் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வட நாட்டு மொழிகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். டேனிஷ் ஆளைப் பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் படியேறி வருவார்கள். பொன்னிறத் தலைமயிரும் நீலக் கண்ணுமாக ஒருவரை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். சிலர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், அசல் ஆள் அங்கே ஒளிந்திருக்கிறாரோ என்று.

லண்டனில் அந்தக் காலத்தில் ஒரு நோய் பரவியிருந்தது. வங்கி வேலையை வெறுத்தவர்களும் விவாகரத்து ஆனவர்களும் மாலை வகுப்புக்குப் போய்க் களிமண்ணில் கோப்பை செய்யப் பழகினார்கள். செய்த கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்க ஏலாது, ஒழுகும். ஆனால் மனசுக்கு ஆறுதலாம். அவர்களுக்கு வட நாட்டுக் களிமண் இறக்கி விற்கிற ஒரு கொம்பனி எங்களிடம் வந்து, ‘களிமண்’ என்ற சொல்லுக்கு அந்தந்த நாட்டில் என்ன பெயர், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரும்படி கேட்டது. மண்ணை மண் என்று விற்றால் ஒரு விலை, வரலாறு என்று விற்றால் இன்னொரு விலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கோ அந்த வேலை நன்றாகப் பிடித்துவிட்டது. டேனிஷில் களிமண் ‘லெர்’. சுவீடன்காரன் ‘லேரா’ என்பான். மழைக்குப் பிறகு சப்பாத்தில் ஒட்டுகிற சேறும் அவனுக்கு லேராதான். நோர்வேயில் ‘லெய்ரெ’. ஐஸ்லாந்தில் ‘லெய்ர்’, அங்கே கடல் வற்றும்போது தெரிகிற சேற்றுத் தரைக்கும் அதே சொல்லில்தான் பெயர் வைப்பார்கள். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவில் லெர்விக் என்று ஒரு பட்டினம் இருக்கிறது, பழைய வட நாட்டவர் வைத்த பெயர், சேற்றுக்குடா என்று பொருள். இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒட்டுகிற, வழுவழுத்த பொருள் என்பதுதான் மூலக் கருத்து. வண்டல் மண்ணுக்கு ஆங்கிலேயன் சொல்லும் ‘லோம்’, சுண்ணாம்புக்குச் சொல்லும் ‘லைம்’ இரண்டும் தூரத்துச் சொந்தம். பின்லாந்தில் மட்டும் ‘சவி’. அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர், இரத்த உறவில்லை.

நான் எழுதியதைச் சரிபார்த்துத் தந்தவர் லண்டனில் வசித்த ஓய்வுபெற்ற டேனிஷ் பேராசிரியர் ஒருவர். சொல்லின் பிறப்பை ஆராய்வதே அவருடைய தொழில். மெலிந்த நெட்டை மனிதர். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு ஆசையோடு விளக்குவார்.

இதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நான் கெட்டது கோயில் பிரசாத வரிசையில். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். மனோர் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர், ஊரில் ஆருக்குச் செத்தவீடு என்றாலும் முதலில் போய் நிற்பவர். அவருக்கு ஒரேயொரு நோய்தான் இருந்தது. உலகத்தில் எந்தச் சொல்லைக் கண்டாலும் அதைத் தமிழிலிருந்து பிறப்பித்துவிடுவார். இதற்காகச் சங்கம் அவருக்குச் ‘சொல்லாய்வுச் செம்மல்’ பட்டம் கொடுத்திருந்தது. பட்டம் கொடுக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதும் அவரே.

“தம்பி, இப்ப என்ன வேலை நடக்குது?” என்று கேட்டார். களிமண் வேலை என்றேன். லெர், லேரா, லெய்ர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன சர்க்கரைப் புக்கை பாதியில் நின்றுவிட்டது.

“களர்!” என்றார்.

“என்ன அண்ணை?”

“களர் நிலம் எண்டு சொல்லுறேல்லையோ? உப்பு மண், ஒட்டுற மண். களர், ளர், லெர். எங்கட சொல் தம்பி! கப்பலேறிப் போன சொல்!”

“அப்ப அந்த ‘க’ எங்க போனது அண்ணை?”

“குளிர் தம்பி, குளிர்! அந்தக் குளிரில தொண்டையைத் திறந்து ‘க’ சொல்லேலுமோ? விறைச்சு விழுந்திட்டுது.”

“அப்பிடியெண்டா கோப்பன்ஹேகன் எண்டு எப்பிடிச் சொல்லினம்?”

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “அது தலைநகரம். ஹீற்றிங் இருக்கும்.”

பின்லாந்துச் ‘சவி’யையும் அவர் விடவில்லை. சவ்வு போல ஒட்டுவதால் சவி என்று பிரசாதம் முடிவதற்குள் அதையும் தமிழாக்கிவிட்டார். நான் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் சிரிக்காமல் வீட்டுக்குப் போய் ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரிய கட்டுரை எழுதிவிட்டார்.

சங்கம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வாடகைக் கட்டடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தியது. அதில் மேல்வகுப்புக்குப் படிப்பித்தவர் பிலோமினா ரீச்சர். மன்னாரில் பதினைந்து வருஷத்துக்கு மேலாகத் தமிழ் படிப்பித்தவர். சண்டையில் எல்லாம் போய், தனியாக லண்டன் வந்து, கிழமை நாட்களில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடித்தார். சனிக்கிழமை மட்டும் சேலை உடுத்தி, மேலே பெரிய கோட் போட்டுக்கொண்டு, சோக்கும் துடைப்பானும் வைக்கிற அலுமாரியின் திறப்புச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வகுப்பைத் திறப்பார். சங்கம் கொடுக்கிற சம்பளம் பஸ்ஸுக்கே காணாது. சம்பளத்துக்காக அவர் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த வகுப்பில் தலைவரின் பேத்தியும் படித்தாள். தாத்தா வீட்டில் கட்டுரையை வாசித்துக் காட்டியிருக்கிறார். பிள்ளை சனிக்கிழமை கையை உயர்த்தி, “ரீச்சர், வைக்கிங் ஆக்கள் தமிழரோ?” என்று கேட்டிருக்கிறது. தாத்தா என்ன சொன்னார் என்பதையும் முழுக்கச் சொல்லியிருக்கிறது.

ரீச்சர் மழுப்பவில்லை. “காதுக்கு ஒண்டாக் கேட்டா உறவெண்டு சொல்லேலாது பிள்ளை. உன்ர மூக்கும் என்ர மூக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கு. அதுக்காக நீ என்ர மகளோ?” என்றிருக்கிறார். வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. பிள்ளையும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் மூக்குக் கதையைத் தாத்தாவுக்குச் சொல்லிவிட்டது.

அடுத்த கொமிட்டிக் கூட்டத்தில் தலைவர் மேசையில் தட்டினார். “பேரப்பிள்ளைக்கு முன்னால என்னைப் பொய்யனாக்கிப்போட்டா. ஒண்டில் அவ இருக்கட்டும், இல்லாட்டில் நான் இருக்கிறன்.” தலைவர் போனால் மண்டபத்து வாடகையை ஆர் கட்டுவது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர், “வேதக்காரருக்குச் சங்கத்தில ஏன் வகுப்புக் குடுப்பான்” என்று, ரீச்சர் கிறிஸ்தவர் என்பதைக் குத்திக்காட்டி முணுமுணுத்தார். செயலாளர் சாது மனிதர், இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு வழி சொன்னார். ஆண்டு விழாவுக்கு அந்த டேனிஷ் பேராசிரியரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுவோம், சபைக்கு முன்னால் அவரே தீர்ப்புச் சொல்லட்டும். தலைவர் சொன்னது சரியென்றால் ரீச்சர் அலுமாரித் திறப்பைத் தந்துவிட வேண்டும். பிழையென்றால் தலைவர் அந்தக் கதையை விட்டுவிட வேண்டும். தலைவருக்கு இது மிகவும் பிடித்துக்கொண்டது. தான் தோற்கக் கூடும் என்று நினைக்கிற அளவுக்கு அவர் அந்தத் துறையில் படித்தவரல்ல.

ரீச்சரும் சம்மதித்துவிட்டார். வகுப்பு வாசலில் கண்டபோது நான், “ஏன் ரீச்சர் ஒத்துக்கொண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“பிள்ளையளுக்குப் பிழை சொல்லிக் குடுத்திருந்தா நான் போகத்தானே வேணும் அண்ணை,” என்றார். பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி, “போனா, சனிக்கிழமையில என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை,” என்றார்.  அதைக் கேட்ட அன்றைக்கே நான் நடுநிலை தவறிவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நடுநிலை தவறுகிற நாளில் ஒருத்தரும் உங்களுக்கு மணி அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

பேராசிரியருக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் தலைவர் ஒப்பவில்லை. “இங்கிலிஷில கதைச்சா ஆர் நம்புவினம்? இங்கிலிஷ் எங்கட கடையில பாண் வாங்க வாற ஆளும் கதைக்கும். டேனிஷில கதைக்கட்டும். நீர் தமிழில சொல்லும். அப்பதான் அது உலக விழா,” என்றார். லண்டனில் இத்தனை வருஷத்தில் தன்னை மேடையில் டேனிஷ் பேசச் சொன்ன முதல் ஆட்கள் தமிழர்கள்தான் என்று பேராசிரியரும் பூரித்துப் போனார். ஆக, அந்த மண்டபத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருத்தன் என்று ஆயிற்று.

விழாவுக்கு முதல் நாள் தலைவர் வீட்டுக்கு வந்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு, விளைமீன், ஒரு பெட்டி மாம்பழம். “தம்பி, வெள்ளைக்காரர் என்னத்தையும் சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவினம். நீர் கொஞ்சம் பார்த்துச் செய்யும். உம்மட மகளின்ர பரதநாட்டியத்தைப் பிரதம விருந்தினர் இருக்கேக்கையே போடுறன்.”

“அவர் சொல்லுறதைத்தான் அண்ணை நான் சொல்லுவன்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். வடிவாச் சொல்லும்.”

அவர் போன பிறகு மனைவி முருங்கைக்காயை வெட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். “ஆரும் களிமண்ணுக்காக ஊரோட பகைப்பினமோ? பிள்ளை ஆறு மாசமா ஆடிப் பழகுது.” நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “உள்ளதை உள்ளபடி சொல்லுறதுதான் என்ர தொழில்,” என்றேன். எனக்குப் பயமே இல்லை. தலைவரின் கொள்கையை நான் ஏற்கெனவே பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அவர் இருமல் வரும்வரை சிரித்து, “ஒரு மயிரிழை உண்மையும் இல்லை,” என்று சொல்லியிருந்தார். ரீச்சரின் கதையை மட்டும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளன் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு நேர்மை.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நாதஸ்வரம் கசெட்டில் முழங்க, பேராசிரியரைக் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அழைத்து வந்தார்கள். நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் ரோசா மாலை, தோளில் பொன்னாடை, பிறகு இன்னொரு பொன்னாடை. ‘சொல்லியல் சூரியன்’ என்று பட்டம் வேறு. அந்த மனிதருக்கு அவருடைய ஊரில் ஓய்வுபெற்றபோது ஒரு பூச்செண்டும் கைகுலுக்கலும் கிடைத்திருக்கும். ஐந்து நிமிஷத்தில் அவர் முகம் வெண்ணெயாய் உருகுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 

தலைவர் கட்டுரையை வாசித்தார். க விழுந்தது, ள நாக்கின் நுனிக்கு வந்தது, வைக்கிங்குகள் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கப்பலேறினார்கள். பின்வரிசையில் வடை வாசம் வரத் தொடங்கிய பிறகே முடித்தார். முடித்துவிட்டு விருந்தினர் பக்கம் திரும்பி, “எங்கள் ஆய்வைப் பற்றிப் பேரறிஞர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

பேராசிரியர் எழுந்தார். மாலையைத் தடவிக்கொண்டார். நான் பெருமையோடு மைக்கைப் பிடித்தேன்.

“மிகவும் சுவையான கருத்து,” என்றார் டேனிஷில். “கடல்கள் பெரியவை. மனிதர்கள் எங்கும் திரிந்தவர்கள். எதையும் முற்றாக இல்லையென்று சொல்ல நான் யார்?”

அட பாவி மனுஷா!

வேறு வழியில்லை, சொன்னதைச் சொன்னபடி தமிழில் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்கவில்லை. தலைவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். முன்வரிசையில் பிலோமினா ரீச்சர் கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. நேராக இருந்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். பொய்யைச் சொல்லாதே என்று எவனும் சொல்லுவான். ஆனால் இங்கே பேராசிரியர் மழுப்பியது பொய், என் வாயிலிருந்து ‘இல்லை’ என்று ஒரு சொல் வந்திருந்தால் அது உண்மை. “பேராசிரியர் மறுக்கிறார்” என்று மைக்கில் சொல்லிவிட்டு இருந்திருந்தால் ஆருக்குத் தெரியும்? பேராசிரியருக்கே தெரியாது. நல்ல காரியத்துக்குப் பொய் சொல்லும் ஆசை கெட்ட காரியத்துக்குச் சொல்லும் ஆசையைவிடப் பெரியது. முருங்கைக்காய்க்கு விலைபோகாத நான் அன்றைக்கு ரீச்சரின் முகத்துக்கு விலைபோகப் பார்த்தேன். 

எங்கள் அலுவலகத்தை நடத்தியவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, வாயைத் திறந்தால் கத்தி. விளங்காவிட்டால் கேள், கேட்டதை எல்லாருக்கும் சொல், ஒளித்து ஒரு சொல் பேசினாலும் வீட்டுக்குப் போ என்பது அவர் சட்டம். அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. கேட்கலாம்! சபைக்கு முன்னால் கேட்கலாம். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து பேராசிரியரிடம் டேனிஷில் கேட்டேன். “ஐயா, மேடையில் சொன்னது விளங்கியது. உங்கள் அகராதியில் இந்தச் சொல்லுக்குக் கீழே என்ன எழுதுவீர்கள்?”

நல்ல கேள்வி. இன்றைக்கும் சொல்லுவேன், நல்ல கேள்வி. அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “முன்வரிசையில் இருக்கிற அந்த அம்மா இதைப் பிழையென்று பிள்ளைகளுக்குச் சொன்னவர். நீங்கள் மழுப்பினால் அவருடைய வகுப்புப் போய்விடும். அவருக்கு வேறொன்றும் இல்லை. தயவு செய்யுங்கள்,” என்றும் சொல்லிவிட்டேன். சட்டம் சட்டம்தானே. மைக்கைப் பிடித்து, கேட்டது, கெஞ்சியது இரண்டையும் ஒன்றும் விடாமல் சபைக்குத் தமிழில் சொன்னேன்.

பேராசிரியரின் முகம் சிவந்தது. மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். “தொடர்பில்லை என்று எழுதுவேன். அந்த ஆசிரியை சொன்னதுதான் சரி. என்னை மன்னிக்க வேண்டும்,” என்றார். நான் சொன்னேன். 

தலைவர் சும்மா இருப்பாரா? துள்ளி எழும்பினார். “பார்த்தியளோ சனங்களே! சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடானாம்! முதல்ல இந்தாள் என்ன சொன்னவர்? எதையும் இல்லையெண்ண ஏலாது எண்டவர். இவர் போய்க் கெஞ்சினாப் பிறகு பொம்பிளையில பாவம் பார்த்து மாத்திச் சொல்லுறார். இதென்ன தீர்ப்பு? இது தர்மக் காசு!”

 அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு சொல்லாய்வைச் சரியாகச் செய்திருந்தார். சபை முணுமுணுத்தது. “ஓம், அதுவும் ஞாயம்தானே” என்று இரண்டு மூன்று குரல்.

அப்போதுதான் பிலோமினா ரீச்சர் எழும்பினார். கையில் திறப்பு. மைக் கேட்கவில்லை. வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற குரல் அவருக்குச் சொந்தமாகவே இருந்தது.

“தலைவர் சொல்லுறது சரி. பாவம் பார்த்துச் சொன்ன தீர்ப்பு எனக்கு வேண்டாம். அண்ணை, அவரிட்டக் காரணத்தைக் கேளுங்கோ. ஏன் தொடர்பில்லை? பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லட்டும். சொல்ல ஏலாட்டில் இந்தாருங்கோ திறப்பு, இப்பவே தாறன்.”

நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை. பேராசிரியரின் கண்ணில் அந்தத் தண்ணீர் வந்தது, சொல் கிடைத்தால் வருகிற தண்ணீர். பொன்னாடைகளையும் கழற்றிப் போட்டுவிட்டு மேடை விளிம்புக்கு வந்து, கீழே பாயில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

“லெர் என்ற சொல்லில் இன்றைக்கு ஒரு ‘ர்’ இருக்கிறது. ஆனால் மிகப் பழைய காலத்தில், நாங்கள் எழுதப் பழகுவதற்கு முன்னால், அந்த இடத்தில் ‘ர்’ இருக்கவில்லை. தேனீ இரைவது போல ஓர் ஒலி இருந்தது. ஸ்ஸ்ஸ் என்று. பல தலைமுறை கழிந்து அது ‘ர்’ ஆக மாறியது. இந்த ஒரு சொல்லில் மட்டுமல்ல, எத்தனையோ சொல்லில் மாறியது. நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு ஆளுக்கு ‘வொஸ்’ என்றும் பல பேருக்கு ‘வேர்’ என்றும் சொல்கிறீர்களே, ஏன்? ஒரே சொல்தான். ஓரிடத்தில் பழைய ஒலி நின்றது, மற்ற இடத்தில் ‘ர்’ ஆகிவிட்டது.”

பிள்ளைகள் வொஸ், வேர், வொஸ், வேர் என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. பேராசிரியர் காத்திருந்து முடித்தார். “ஆகவே ஐயா, உங்கள் களர் கப்பலேறி வந்திருந்தால், அதிலிருக்கிற ‘ர்’ வந்து பொருந்துவதற்கு எங்கள் சொல்லில் அன்றைக்கு ‘ர்’ இருக்கவில்லை. இதுதான் காரணம். இதை யாருக்காகவும் மாற்ற எனக்கு ஏலாது, மாலை போட்டாலும் சரி, அழுதாலும் சரி.”

 நடுவரிசையிலிருந்து ஒரு கிழவர், புகையிலை வாயோடு, எழும்பாமலே கேட்டார்.

“தலைவர், ‘க’வை நீங்களே குளிரில விட்டிட்டியள். ‘ர்’ரை இப்ப இந்தாள் எடுத்துப்போட்டார். அப்ப மிச்சம் என்ன இருக்கு?”

மண்டபம் வெடித்தது. பிள்ளைகள், தாய்மார், வடை தட்டோடு கதவடியில் நின்றவர்கள் எல்லாரும். தலைவரின் பேத்திதான் எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரித்தது.

தலைவரை நீங்கள் குறைவாக எடை போடக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் ஏன் தலைவர்களாக இருக்கிறார்கள் என்பதை அடுத்த நிமிஷம் கண்டேன். பேராசிரியர் கழற்றிப் போட்ட பொன்னாடையில் ஒன்றை எடுத்தார். படியிறங்கிப் போய் ரீச்சரின் தோளில் போர்த்தார். மைக்கைப் பிடுங்கினார். “இப்பிடித் துணிஞ்சு காரணம் கேக்கிற ஆசிரியையை எங்கட பள்ளிக்கூடத்துக்குத் தேடிக் கண்டுபிடிச்சது ஆர்? நான்!” என்றார். சனம் அதற்கும் கைதட்டியது. அவருடைய கட்டுரை அச்சிட்ட மலர் வாசலில் விற்பனைக்குக் கிடந்தது, எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள்.

என் மகளின் நடனம் நன்றியுரைக்கும் பிறகு போய்விட்டது. அதைப் பார்க்கப் பேராசிரியர் ஒருவரே முன்வரிசையில் மிஞ்சியிருந்தார். வீட்டில் ஒரு கிழமைக்குக் கறியில் உப்பில்லை.

நடனம் தொடங்குமுன் ரீச்சரை வழியனுப்ப வெளியே வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் வந்தேன். மழை தூறியது. பொன்னாடையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அதே நேர்த்தியோடு கோட் பொத்தானைப் பூட்டினார். பல நூறு விரிப்பு மடித்த கை.

“அண்ணை, நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி,” என்றார். “அதோட நிப்பாட்டியிருக்கலாம்.”

“உங்களுக்கு வகுப்புப் போயிடுமெண்டு மனம் கேக்கேல்லை ரீச்சர். நல்லதுக்குத்தானே சொன்னனான்.”

“ஓம், தெரியும். ஆஸ்பத்திரியில என்னோட வேலை செய்யிற ஆக்களும் நல்ல சனம்தான். பேர் கேக்க மாட்டினம். ‘லவ்’ எண்டு, செல்லம் மாதிரிக் கூப்பிடுவினம். கையைத் தடவி, ‘பாவம், உன்ர நாட்டில சண்டைதானே’ எண்டுவினம். கிழமை முழுக்க எல்லாரும் என்னில இரங்குவினம் அண்ணை.” பஸ்ஸின் வெளிச்சம் வீதி முனையில் தெரிந்தது. அவர் குடையை மடக்கினார். “இஞ்ச ஒருத்தரும் என்னில இரங்கிறேல்லை. பிள்ளையள் சண்டை பிடிக்கும், தாய்மார் குறை சொல்லுவினம், தலைவர் மேசையில தட்டுவார். அதுக்காகத்தான் நான் ரெண்டு பஸ் மாறி இஞ்ச வாறனான். நீங்கள் அதையும் எடுத்துப்போடப் பார்த்தியள்.”

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.